ஐந்து வருட லீவு முடியப் போகிறது, இனி என்ன?



2022 ஜூன் மாதம் வந்த அந்தச் சுற்றறிக்கையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரம். அரச ஊழியர்கள் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். நம் கல்முனைக் கரையோர ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் கந்தோரில் லீவு போட்டுவிட்டு கட்டாருக்கும் சவூதிக்கும் துபாய்க்கும் விமானம் ஏறினார்கள்.

2022 கடைசியில் போனவர்களுக்கு 2027 கடைசியில் ஐந்து வருடம் முடிகிறது. திரும்பி வந்து கடமையேற்பதா, அரச வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருப்பதா? இப்போது பல வீடுகளில் இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் நடக்கிற பேச்சு இதுதான். பாடசாலையில் இருக்கிற நமக்கும் அது எட்டுகிறது. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வைக்க வருகிற உம்மாமார் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போனவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சம்பளம் அப்படியே இருக்க, 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை அடுத்த வருடமே மூவாயிரத்தைத் தொட்டது. நகையெல்லாம் அடகில். அப்போது போனதால்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. தினக்கூலிக்குப் போகிறவருக்கும், கடனில் மூழ்கியவருக்கும், வேறு வழியே இல்லாமல் பிள்ளையை உம்மம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போன தாய்க்கும் இந்தப் பதிவில் சொல்வது பொருந்தாது. இது தெரிவு செய்ய இடமிருக்கிற குடும்பங்களுக்கு. கையில் அரச வேலையும் இருக்கிறது, அங்கே ஒரு வேலையும் இருக்கிறது, இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்ற நிலையில் இருக்கிறவர்களுக்கு.

அப்படி ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவர் இங்கே ஒரு திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், இப்போது தோஹாவில். மனைவி வீட்டில் ஒரு மெஷினை வைத்து அபாயா தைக்கிறார். மூத்த மகள் தரம் 9, இளையவள் தரம் 4. அவர் மாதம் 190,000 ரூபா அனுப்புகிறார் என்று வைப்போம். ஊரில் இருந்தால் அவருக்குக் கைக்கு 80,000 வரும் என்று வைப்போம். வித்தியாசம் 110,000. யாருக்கும் ஆசை வரும் தொகைதான்.

ஆனால் இந்த 110,000 முழுவதும் மிச்சமாகாது. வாப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் பிடிக்க வேண்டும். பிரத்தியேக வகுப்புக்கு ஏற்றி இறக்க த்ரீவீலர், தண்ணீர் மோட்டர் பழுதானால் ஒருவர், மருந்துக்கு அக்கரைப்பற்றுக்கோ மட்டக்களப்புக்கோ போனால் வாடகை வாகனம். வருடத்துக்கு ஒரு முறை டிக்கெட், வரும்போது சொந்தக்காரருக்கெல்லாம் சாமான். வெளிநாட்டுக்காரர் வீடு என்றால் கல்யாணத்துக்கு வைக்கிற காசும் கூட, பள்ளிவாசல் வசூலுக்கு வருகிறவர்களின் எதிர்பார்ப்பும் கூட. இன்னொன்றை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்த மனைவிக்கு மூன்று மெஷின் போட்டு நடத்தக்கூடிய கைத்திறன் இருக்கிறது. புறக்கோட்டைக்குப் போய் துணி எடுக்கவும், அந்த நேரம் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆளில்லாமல் ஒரு மெஷினோடு நிற்கிறார். கணவரின் ரியாலுக்காக மனைவியின் தொழில் நிற்கிறது.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 60,000 என்று தாராளமாகவே வைப்போம். வருடத்துக்கு 720,000. இன்னும் ஐந்து வருடத்துக்கு 36 இலட்சம்.

அந்தப் பக்கம் 36 இலட்சம். இந்தப் பக்கம் என்ன? வேலையை விட்டால் ஓய்வூதியம் போகிறது. அறுபது வயதுக்குப் பிறகு உயிருள்ளவரை மாதாமாதம் வருவது, அவருக்குப் பின் மனைவிக்கும் வருவது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அந்த உயர்வு கட்டம் கட்டமாக வந்து 2027 ஜனவரியில்தான் முழுமையாகச் சேருகிறது. அதாவது போகும்போது விட்டுவிட்டுப் போன சம்பளம் வேறு, திரும்பி வந்தால் எடுக்கப் போகும் சம்பளம் வேறு. பழைய சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு "வந்தென்ன செய்ய" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் பக்கம் பாருங்கள். இளையவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. மூத்தவளுக்கு சாதாரண தரம், பிறகு உயர் தரம். மூன்று பரீட்சையும் அந்த ஐந்து வருடத்துக்குள்தான் வருகின்றன. ஐந்து வருடம் முடிந்து வாப்பா வரும்போது மூத்தவளுக்கு 19 வயது. அவள் எந்தப் பிரிவில் படிப்பது, எந்த வகுப்பை விடுவது, கணிதத்தில் ஏன் பின்னுக்குப் போனாள் என்ற எல்லாம் போனிலேயே முடிந்திருக்கும்.

வாப்பா வெளிநாட்டில் இருந்தால் பிள்ளை படிக்காது என்று நாம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து மிக நன்றாக வந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வகுப்பில் நிற்கிற நமக்குத் தெரியும், 15, 16 வயதில் ஒரு பிள்ளை சோர்ந்து போகும்போது வீட்டில் இரண்டு பேர் இருப்பதும் ஒருவர் இருப்பதும் ஒன்றல்ல. உம்மா களைத்துப் போகிறார். களைத்த உம்மா பிள்ளையை இன்னொரு டியூஷனுக்கு அனுப்புகிறார். அதற்கும் தோஹாவிலிருந்துதான் காசு வருகிறது.

சரி, அப்படியென்றால் அந்த 36 இலட்சம் எதற்கு? கேட்டால் பத்தில் எட்டு வீடுகளில் வருகிற பதில் ஒன்றுதான்: "மகள்ட ஊட்ட முடிச்சிட்டு வந்திருவன்."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாப்பாட்டுக்கோ படிப்புக்கோ பலர் இரண்டாவது ஐந்து வருடத்துக்கு நிற்பதில்லை. மகளுக்கு வீடு வளவு கொடுக்க வேண்டும் என்பதற்காக நிற்கிறார்கள். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. வளவு விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கமாகக் கிடக்கிற ஊர்கள் இவை. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களும் உள்ளே வந்து, ஐந்து பேர்ச் காணிக்கே போட்டி. 36 இலட்சத்தில் வளவும் வாங்கி வீடும் கட்ட முடியாது. ஆகவே ஐந்து வருடம் பத்தாகும். "இன்னும் ரெண்டு வருஷம்" என்ற வார்த்தை நம் ஊர்களில் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்!

மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கத்தை முழுக்கத் தூக்கி வீச வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. கிழக்கில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பெரிய காப்பு. விவாகரத்து ஆனாலும், கணவன் மௌத்தானாலும் அவள் நடுத்தெருவுக்கு வருவதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றுக்கு "குடும்பத் தலைவர்" என்று கணவனின் பெயரைப் போட்டபோது நம் பெண்கள் என்ன இழந்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். உம்மாவின் வீட்டிலேயே மகளும் இருந்து, பிறகு வாப்பாவும் உம்மாவும் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிய காலத்தில் இது பெரிய சுமையாகவும் இருக்கவில்லை. இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பிளான் பார்க்கிறார்கள். டைல்ஸ் போட்டிருக்கிறதா, மேல்மாடி எழும்புமா, கராஜ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அரச உத்தியோக மாப்பிள்ளை என்றால் கேள்வி இன்னும் நீளம். மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்று நிக்காஹ் மஜ்லிஸில் மௌலவி சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறோம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகம், விவாகரத்துச் சட்டத்திலேயே கைக்கூலியைத் திருப்பிக் கேட்டு காதியிடம் போக இடம் வைக்க வேண்டி வந்ததென்றால், அது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்க வேண்டும்!

ஆகவே, கணவனும் மனைவியும் முடிவெடுக்க உட்காரும்போது மகளின் வீட்டைப் பற்றியும் வாய் திறந்து பேச வேண்டும். அதை மழை, வெயில் போல மாற்ற முடியாத ஒன்றாக ஓரத்தில் வைத்துவிட்டு மற்றக் கணக்கை மட்டும் பார்த்தால், விடை எப்போதும் "இன்னும் ஐந்து வருடம்" என்றுதான் வரும். எவ்வளவு பெரிய வீடு? இருக்கிற வீட்டின் மேல் ஒரு தட்டுப் போட்டால் போதாதா? இப்போது இருக்கிற வீட்டை ஒரு மகளுக்கு எழுதி, கடைசிக் காலத்தில் அவளோடு இருந்தால் என்ன குறை?

இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும். 36 இலட்சத்தில் பாதியைக்கூடத் தொடாமல் ஒரு மகளைப் படிப்பித்து ஒரு தொழிலில் விடலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டாவோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று தனியாக இருக்கிற ஒதுக்கீட்டிலும் அம்பாறை வருகிறது. தாதியர் பயிற்சி இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தன் கையில் சம்பளம் உள்ள பெண்ணும் கணவனும் சேர்ந்து பத்து வருடத்தில் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டலாம், அதையும் அவள் பெயரிலேயே எழுதலாம். "படிச்ச பிள்ளைக்கு இன்னும் பெரிய மாப்பிள்ளை, இன்னும் பெரிய வீடு வேணுமே" என்று பதில் வரும் என்பதும் தெரியும். வருகிறது. அந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். மகளுக்காக தோஹாவில் நிற்கிற அதே குடும்பம், மகனுக்குப் பெண் பார்க்கும்போது "வளவு எங்க? ஊடு முடிஞ்சா?" என்று கேட்கிறது. அங்கே இன்னொரு வாப்பா ரியாத்தில் நிற்கிறார்.

இதை ஒரு குடும்பம் தனியாக உடைக்க முடியாது என்பார்கள். பெண் வீட்டார் தனியாக முடியாதுதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு முடியும். மகன் உள்ள உம்மாவும் வாப்பாவும் "பிள்ளையைத் தாங்க, வீட்டை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கொள்வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஐந்து வருடம் குறையும். அப்படிச் சொன்ன குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. அதை ஊருக்குச் சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தோஹாக் குடும்பத்துக்கு நாம் என்ன சொல்வோம்? நாம் அவர்களாக இருந்தால், திரும்பி வரும் பக்கமே சாய்வோம். மிஞ்சிய லீவுக் காலத்தில் சேருகிற காசை வளவுக்குப் போடாமல் இரண்டு மெஷினுக்கும் துணிக்கும் போட்டு, மனைவியின் தொழிலை அவர் வருவதற்கு முன்பே காலூன்ற வைப்போம். தங்கியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், எவ்வளவு தொகைக்கு, எந்த மாதம் வரைக்கும் என்று இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளில் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். கூட்டுவதானால் இருவரும் பேசித்தான் கூட்ட வேண்டும்.

அடுத்த பெருநாளுக்கு லீவில் வருகிறவர்கள் விருந்தெல்லாம் முடிந்தபின் ஒரு இரவை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தரம் 9 படிக்கிற மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு அவளுக்குத்தானே, அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. லீவு அனுமதிக் கடிதத்தை எடுத்து முடிவுத் திகதியைச் சரியாகப் பாருங்கள். கடமையேற்க என்ன ஆவணம் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைத் திணைக்களத்தில் இப்போதே நேரில் கேட்டு வைப்பது நல்லது. திகதி கடந்த பிறகு "தெரியாமல் போச்சு" என்றால் கந்தோரில் அது எடுபடாது.