முக்கால் ஜி.பி. எங்கே போயிற்று?

பாறசாலைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து நம் அன்பர் ஒருவர் மனம் வருந்தி எழுதியுள்ளார். மகளின் கல்லூரிப் படிப்புக்கென ஒரு கடையில் பழைய மடிக்கணினி வாங்கினாராம். நான்கு ஜி.பி. நினைவகம் என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு. வீட்டில் திறந்து பார்த்தால், பயன்படத்தக்கது 3.25 ஜி.பி. என்றே திரை காட்டுகிறது. எல்லை கடந்து களியக்காவிளையில் வேறொருவரிடம் காட்ட, அவர் இன்னுமொரு நான்கு ஜி.பி. ராம் போட்டால் குறை தீரும் என்றாராம். முன்னவரிடம் வழக்காடுவதா, பின்னவருக்குப் பணம் கொடுப்பதா என்பது அன்பரின் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டா. அந்த முக்கால் ஜி.பி. களவு போகவில்லை, கணினிக்குள்ளேயேதான் இருக்கிறது.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும், தெருவில் வீட்டுக்கு இருப்பதுபோல், ஒரு கதவெண் உண்டு. 32-பிட் விண்டோஸ் வழங்கக்கூடிய கதவெண்கள் மொத்தம் 4,29,49,67,296. அதாவது சரியாக நான்கு ஜி.பி. அளவு. ஆனால் தெருவில் குடியிருப்பு வீடுகள் மட்டுமா உள்ளன? ரேஷன் கடை, பள்ளிக்கூடம், நூலகம் ஆகியவற்றுக்கும் எண் வேண்டுமல்லவா? அவ்வாறே திரையை இயக்கும் பகுதி, வலைத்தொடர்புப் பகுதி முதலியவற்றுக்கும் அதே வரிசையின் மேற்கோடியிலிருந்து எண்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வளவு நினைவகத்துக்கு எண் இல்லாமற் போகிறது. வீடு கட்டியிருக்கிறது, எண் இல்லை. தபால்காரர் எப்படிப் போவார்? இந்நிலையில் மேலும் நான்கு ஜி.பி. வாங்கிச் செருகுவது, எண் கிடைக்காத இன்னொரு வீட்டைக் கட்டுவதே. பணம் வீண்.

எண் வரிசையை 36 பிட்டாக நீட்டி 64 ஜி.பி. வரை எட்டும் வழியொன்று உண்டு. 32-பிட் லினக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. பழைய இயக்கி நிரல்கள் குழம்பும் என்று கருதி, வீட்டுப் பயன்பாட்டு விண்டோஸில் மைக்ரோசாப்ட் அவ்வழியைத் திறந்துவிடவில்லை.

ஆகவே அன்பர் முதலில் செய்ய வேண்டியது வாசிப்பதே. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்னும் பக்கம். அங்கே ‘இன்ஸ்டால்ட் ராம்’ என்ற வரியில் 4.00 என்றும், அடைப்புக்குறிக்குள் 3.25 என்றும் இருந்தால், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர் என்றிருந்தால், கணினி வல்லது, அதில் ஏற்றிய மென்பொருளே குறுகியது என்று பொருள். 64-பிட் இயங்குதளம் ஏற்றினால் பெரும்பகுதி மீளும். சில பழைய கணினிகளில் தாய்ப்பலகையே அதற்கு இடம் கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த இயங்குதளம் என்பது அடுத்த வினா. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-ஐப் பல பழைய கணினிகள் ஏற்பதில்லை. கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகிய லினக்ஸை ஏற்றுவதே சிக்கனம் என்பது என் கருத்து. அதற்கு விலையும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 32-பிட் விண்டோஸின் மேலேயே 64-பிட்டை ஏற்றிவிட முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும், வட்டில் உள்ளவை அழிந்துபோகக்கூடும். நிலப் பத்திரம் ஒரு மாநிலத்திலும் ரேஷன் அட்டை மறு மாநிலத்திலுமாக வாழும் நம்மவர், அவற்றின் படிகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கணினியில்தான் வைத்திருக்கிறோம். வேறொரு வட்டில் படியெடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்த பின்னரே கணினியைப் பிறர் கையில் கொடுக்க வேண்டும். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கடைக்காரர் சொன்னாலும் சரியே.

சிஸ்டம் டைப் 64-பிட் என்றே இருந்தும் குறைகிறதா? தனித் திரை அட்டை இல்லாத கணினிகள் படம் காட்ட நினைவகத்திலிருந்தே பங்கெடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று அப்பங்கு தெரியும். சில நூறு எம்.பி. என்றால் இயல்பே; மிகுதியானால் பயாஸில் குறைக்க இயலுமா என்று பார்க்கலாம். எம்.எஸ்.கான்ஃபிக் என்று தட்டி, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் மெமரி’ குறியிடப்பட்டிருந்தால் நீக்கிவிடுக. வேகம் கூடும் என்று நம்பி யாரோ அதைத் தொட்டிருப்பார்கள்.

இனி, ‘இன்ஸ்டால்ட்’ என்ற எண்ணே குறைந்திருந்தால் கதை வேறு. மின்னிணைப்பையும் பேட்டரியையும் நீக்கி, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மெல்லத் துடைத்து மீண்டும் அழுந்தச் செருக வேண்டும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் பயாஸ் திரை குறைத்தே காட்டினால், விற்ற கடைக்கே கணினியை எடுத்துச் செல்க. அவர் கண் முன்னேயே அந்தத் திரையைத் திறந்து காட்டுக.