எரித்ததும் எறிந்ததும்

1981 இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்து நினைவுகூருகிறோம். ஏறக்குறைய 97,000 நூல்களைத் தின்ற நெருப்பு மறக்கக்கூடியதல்ல. ஆனால், நெருப்பே இல்லாமல் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் அழிந்துகொண்டிருப்பவை பற்றி யார் பேசுகிறோம்?

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படிக்க வந்தவர்கள், விடுமுறைக்கு ஊர் போய் எடுத்துவந்த கலர் ஸ்லைட்டுகளைத்தான் சொல்கிறேன். கொடாக்குறோம் இருட்டில் நெடுங்காலம் நிறம் மங்காது. புறொஜெக்ரர் வெளிச்சம்தான் அதற்கு எமன். அக்காலத்து எக்ராக்குறோம் பல, பெட்டிக்குள் இருந்தபடியே வெளிறிச் சிவந்துவிடுகின்றன. ஈரம் பட்டால் இரண்டிலும் பூஞ்சணம். இதற்கு எந்தப் பொலிஸையும் குற்றம் சொல்லமுடியாது.

'ஸ்கான் பண்ணியாச்சு, இனி எறியலாம்' என்பவர்கள் இன்னொரு ரகம். 4000 டிபிஐயில் எடுத்தாலும் அது நகல்தான். ஹார்ட் டிஸ்க் பழுதானால் நகலும் இல்லை, மூலமும் இல்லை. கீறலைத் தானாக நீக்கும் வசதி, பல ஸ்கானர்களில் கொடாக்குறோம் படத்தையே கெடுத்துவிடும் என்பதும் இவர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு பெயர்கள். நிற்பது யார், எந்தக் கோயில் தேர், எந்த வருடம் என்று இயந்திரம் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். மண்டபத்துக்கும் மாலைக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் பக்கத்தில் பேனாவோடு இருங்கள்.

எரித்தவர்களிடம் கணக்குக் கேட்கும் நாங்கள், எறிந்ததற்கும் கணக்குச் சொல்லவேண்டியவர்கள்.