ஹிமா: மேய்ப்பர் கண்ட காப்புநிலம்

பழமை என்றவுடன் தலைமேல் வைத்துப் போற்றுவாரும் உளர். காலால் தள்ளுவாரும் உளர். இவ்விரு சாராரும் அரபு நாட்டு 'ஹிமா'வின் வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படித்தல் நலம்.

ஹிமா என்பது காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் அது வலியவரின் உடைமையாயிருந்தது. குலத்தலைவன் ஒருவன் தன் நாயைக் குரைக்கச் செய்து, அவ்வோசை எட்டும் எல்லைவரை தனக்கே உரியதென்று அடைத்துக்கொள்வானாம்! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்கொடுமையை ஒழித்தார்கள். நிலத்தைக் காக்கும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. மதீனாவை அடுத்த நகீஃ என்னுமிடத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்கெனப் பொதுவில் ஒதுக்கினார்கள். பின்வந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலரிடம், சிறுமந்தை உடையோரை உள்ளே விடுமாறும், செல்வர்களான இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையோ பிள்ளைகுட்டிகளுடன் கலீபாவின் வாயிலில் வந்து நிற்பான் என்பது அவர்கள் கூறிய காரணம்.

ஊரார் கையில் இவ்வழக்கம் நுட்பமாக வளர்ந்தது. ஓரிடத்தில் மந்தை நுழையலாகாது, பஞ்சத்தில் புல்லை அறுத்துச் செல்லலாம். வேறோரிடத்தில் குறித்த பருவத்தில் மட்டும் மேய்க்கலாம். மற்றோரிடம் பூக்கும் காலத்தில் தேனீக்களுக்கென்றே விடப்படும். புல் விதையுதிர்த்து மீண்டும் தழைக்க எவ்வளவு காலம் வேண்டுமென்பதை ஏடறியாத மேய்ப்பர் கண்ணாலேயே அறிந்திருந்தனர்.

1953-இல் ஸவூதி அரசாணை மேய்ச்சல் நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. குலப்பூசல் ஒழியட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆயினும், எல்லோருக்கும் உரியதான நிலம் எவர் காவலிலும் இல்லாது போயிற்று, புல்லுக்கு ஓய்வில்லை. எஞ்சிய ஹிமாக்களை ஆராய்ந்த மேய்ச்சல்நில அறிஞர் உமர் திராஸ், வெளியே தேய்ந்துபோன பசுமை அவற்றுள் நிலைத்திருப்பதை 1969-இல் எழுதிக் காட்டினார். சிரியாவில் இம்முறையைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைக்கவும் அவர் உழைத்தார். மேய்ப்பர் அறிந்திருந்ததை அறிவியல் அளந்து உறுதிசெய்தது, அவ்வளவே!

பேரீச்சமரத்து மகரந்தச் சேர்க்கை பற்றிய நபிமொழியை, மார்க்கத்தை உலக விவகாரங்களிலிருந்து விலக்கி வைப்பதற்குச் சிலர் எடுத்தாள்கின்றனர். இது பொருந்தாது. உழவரின் அனுபவத்திற்குப் பெருமானார் (ஸல்) அளித்த மதிப்பே அதில் விளங்குகிறது. புல் எப்போது தழைக்கும் என்பதை மேய்ப்பர் சொல்லட்டும், ஆய்வாளர் அளக்கட்டும். அப்புல் யாருடைய ஆட்டுக்கு முதலில் என்று கேட்பதோ மார்க்கத்தின் கடமை.

லெபனானில் 2004-ஆம் ஆண்டையொட்டி ஹிமாக்கள் ஊராட்சிகளின் பொறுப்பில் மீண்டும் உயிர்பெறத் தொடங்கின. பறவைகளை எண்ணும் ஆய்வாளரும் ஊர்மக்களும் அங்கே கூடிப் பேசுகின்றனர். அத்தகைய அவைகளில் சிறுமந்தைக்காரன் எங்கே அமர்த்தப்படுகிறான் என்பதையே உலமாக்கள் கவனிக்க வேண்டும்.