ஏகாரமும் உம்மையும்

மக்கள் மொழியை ஆக்குகின்றனரா, மொழி மக்களை ஆக்குகின்றதா? இவ்வினா அறிஞர் அவைகளுக்குரிய பொழுதுபோக்கென்று நம்மிற் பலர் ஒதுக்கிவிடுவர். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழருக்கோ இது வயிற்றோடும் வழக்கோடும் உரிமையோடும் பிணைந்த வினாவாகும்.

ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1958இல் ‘பாவோவின் மொழிகள்’ என்றொரு விஞ்ஞான நவீனத்தை வெளியிட்டார். பாவோ என்பது ஒரு கற்பனைக் கிரகம். அதன் மக்கள் எதற்கும் பணிந்துபோகும் இயல்பினர். அவர்தம் மொழியில் வினைச்சொல்லே கிடையாது. பகைவர் வந்து திறை கொள்கின்றனர், மக்கள் வாளாவிருக்கின்றனர். வேற்றுக் கிரகத்து அறிஞன் ஒருவன் ஒரு சூழ்ச்சி உரைக்கின்றான். குழந்தைகளைப் பிரித்தெடுத்து, போருக்கு ஒரு மொழி, தொழிலுக்கு ஒரு மொழி, வாணிகத்துக்கு ஒரு மொழி எனப் புதிதாய்ச் சமைத்து ஊட்டினால், ஒரு தலைமுறைக்குள் வீரரும் தொழில் வல்லாரும் வணிகரும் தோன்றிவிடுவர் என்பதே அச்சூழ்ச்சி. அவ்வாறே தோன்றுகின்றனர். ஆனால் ஒரே மண்ணிற் பிறந்தோர் ஒருவருக்கொருவர் அந்நியராகவும் ஆகிவிடுகின்றனர்.

மொழியே சிந்தனையை வகுக்கின்றது என்ற கொள்கையின்மேல் எழுந்த கதை இது. அக்கொள்கையோடு பெயர் பிணைந்த பெஞ்சமின் லீ வோர்ப் என்பார், தீக் காப்புறுதிக் கம்பனியொன்றிலே தீவிபத்துகளை ஆராயும் தொழிலும் பார்த்தவர். பெற்றோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக நடப்போர், ‘வெறும் பீப்பாய்’களின் அருகே கவலையின்றிப் புகைபிடித்தனர் என்று அவர் எழுதினார். பீப்பாயினுள் எரியும் ஆவி இருந்தது. ‘வெறும்’ என்ற சொல் அதனை மறைத்துவிட்டது.

மொழி சிந்தனைக்குச் சிறை என்று இன்றைய மொழியியலார் பெரும்பாலும் ஒப்புவதில்லை. சிந்தனையை ஒரு பக்கம் சாய்க்க வல்லது என்ற அளவிலேயே கொள்வர். நாமும் அவ்வளவே கொள்கின்றோம். ஆயின் சட்டம் பயின்றோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தெருவில் வழங்கும் சொல் மனத்தைச் சாய்க்கும். அரசு வழங்கும் சொல் நிலத்தையும் வாக்கையும் நாட்டையும் பறிக்கும்.

இதனை முதலில் அனுபவித்தவர்கள் கண்டிச் சிங்களக் குடியானவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக எண்பிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அனுமானம் செய்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் சேனைப் பயிருக்கும் தலைமுறை தலைமுறையாய்ப் பயன்பட்ட நிலம், ஆங்கிலச் சொல்லொன்றினால் ‘வெறும்’ நிலமாயிற்று. வெற்றுப் பீப்பாயும் வெற்று நிலமும் ஒரு கதையே அன்றோ! அந்நிலத்திலே கோப்பி வந்தது. கோப்பியை அடுத்துத் தேயிலை வந்தது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதி லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட 19 ஏக்கரே இன்றைய தேயிலைக் கைத்தொழிலின் தொடக்கம். கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்த கைகள் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழர் கைகள்.

அத்தமிழரோடு பேசுவதற்குத் துரைமார் ஒரு தமிழைத் தமக்கெனத் தேர்ந்துகொண்டனர். சின்னத்துரைமாருக்கென 19ஆம் நூற்றாண்டிலே கொழும்பில் அச்சான கையேட்டின் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. பாவோ மக்களின் மொழியில் வினையே இல்லை. துரைமார் கற்ற தமிழிலோ ஏவல்வினையே தலைமை வினை. வா, போ, எடு, வெட்டு! தோட்டக் கணக்கில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. பெற்றோர் இட்ட பெயர் கூலியின் அளவாயிற்று, பாதியாகவும் வெட்டப்பட்டது.

ஆயினும் ஏவலைக் கேட்ட செவிகள் ஏவலாகவே சிந்திக்கவில்லை. லயங்களிலே தாலாட்டும் ஒப்பாரியும் எழுந்தன. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டன. கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் கண்டார், துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடினார். துரைமார் கற்ற தமிழில் உரிமை என்ற சொல்லுக்கு வேலையில்லை. தொழிலாளர் தமிழில் அதற்கு என்றும் இடமிருந்தது.

பின்னர் வந்தது சுதந்திர இலங்கையின் சட்டத் தமிழ். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மனிதரை ‘வம்சாவளி’ என்றும் ‘பதிவு’ என்றும் இரண்டாகப் பிரித்தது. இங்கே பிறந்தவன் தான் பிறந்ததைக் காட்டினாற் போதாது. தந்தையும் இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தனர் என்றோ காட்டல் வேண்டும். லயத்தின் ஏழைக்குப் பூட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்? இவ்வாறு பிறந்ததே ‘நாடற்றவர்’ என்ற சொல். காட்டை நாடாக்கியவனுக்கு நாடற்றவன் என்று பெயர்! 1964இல் இரு பிரதமர்களும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டது. நாடற்றோராய் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த ஆண்டு 2003.

மொழிச் சட்டத்தின் கதையும் இத்தகையதே. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ‘ஒரே’ அரச கரும மொழி ஆக்கியது. அதிலுள்ள ஏகாரம் பிரிநிலை ஏகாரம். மற்றவற்றை விலக்கி ஒன்றை மட்டும் நிறுத்துவது. 1987இல் 13ஆவது திருத்தம் ‘தமிழும்’ ஓர் அரச கரும மொழி என்றது. இவ்வும்மை இறந்தது தழுவிய எச்சவும்மை. முன்னொன்று அமர்ந்திருக்க, அதனைத் தழுவிப் பின்னே வந்து சேர்வது. ஏகாரத்திலிருந்து உம்மைக்கு வர இந்நாட்டுக்கு 31 ஆண்டுகள் சென்றன. இடையிலே சிந்திய குருதியை நாடறியும்.

வந்த உம்மையை நாம் இகழவில்லை. 1988இன் 16ஆவது திருத்தத்தால் அமைந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள கண்டி போன்ற பகுதிகளிலும், தமிழர் தமிழில் எழுதவும், தமிழில் மறுமொழி பெறவும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலே பெறவும் உரிமை தந்துள்ளது. சட்டத்திலே குறையில்லை, மேசையிலேதான் குறை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தனக்கு நேர்ந்த கொடுமையைத் தமிழிலே சொல்கின்றாள். அது சிங்களத்திலே எழுதப்படுகின்றது. வாசிக்க இயலாத தாளில் அவள் ஒப்பமிடுகின்றாள். ‘தள்ளினான்’ என்று அவள் சொன்னதும் ‘தகராறு’ என்று எழுதப்பட்டதும் ஒன்றா? வழக்கு நாளிலே அத்தாளே அவளுக்கு எதிராக எழுந்து நிற்கும். அவள் சிந்தனையை எந்த மொழியும் சிறையிடவில்லை; அவள் சொல் மற்றொருவர் பேனாவிலே சிறைப்பட்டுள்ளது.

சம்பளமும் காணியும் வீடும் இருக்க, மொழி எதற்கு என்பார் உளர். சம்பளம் பெரிது என்பதை மறுப்பார் யார்? ஆனால் சம்பளக் குறைவை முறையிடும் மனுவும், காணி உறுதியும், ஒப்பந்தமும் சொற்களால் ஆனவை. வாசிக்க முடியாத உறுதியைக் கையில் வைத்திருப்பவன் காணிக்காரன் ஆகான். 1840இல் கண்டிக் குடியானவன் கற்ற பாடம் அதுவே.

வான்ஸின் கதையில் மூன்று மொழிகளுக்கும் இடையே உரைபெயர்ப்போராய்ப் பயின்ற மாணவர், விளையாட்டாக ஒரு கலப்பு மொழியைச் செய்கின்றனர். முடிவில் பிளவுண்ட கிரகத்தை ஒன்றாக்கும் வழியாக அம்மொழியே நிற்கின்றது. நாம் கலப்பு மொழி கேட்கவில்லை. இரு மொழியும் அறிந்த மனிதரைக் கேட்கின்றோம். தமிழர் செறிந்து வாழும் பிரிவுகளிலே ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் இருமொழி வல்ல ஓர் அலுவலர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். சொன்ன மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படல் வேண்டும். நம் பிள்ளைகள் சிங்களம் கற்றல் வேண்டும். சிங்களப் பிள்ளைகள் தமிழ் கற்றல் வேண்டும்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். கூலி என்றும் கள்ளத்தோணி என்றும் நாடற்றோர் என்றும் பிறர் இட்ட பெயர்களையெல்லாம் கீழே போட்டு, ‘மலையகம்’ என்று தாமே தமக்கிட்ட பெயரோடு நடந்தனர். பெயரை மீட்டவர்கள் இனி ஆவணத்தையும் மீட்டல் வேண்டும். ஆகவே தோழர்களே, வாசித்து விளங்காத எத்தாளிலும் ஒப்பமிடாதீர். 22ஆம் உறுப்புரையைச் சொல்லித் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள்; மறுக்கப்படின் எழுத்திலே முறையிடுங்கள். அம்முறைப்பாட்டையும் தமிழிலேயே எழுதுங்கள்.