சாவித்திரி கேட்ட கேள்வி



நாயுடுபுரம் டீக்கடையில ஒரு நாள் பேச்சு. புருஷன் அடி தாங்காம தாய் வீட்டுக்கு வந்துட்ட ஒரு பொண்ணைப் பத்தி. "என்ன இருந்தாலும் அவன் கூப்பிட்டா போகத்தானே வேணும்" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மௌனப் படங்களில் தொழில் பழகிய கே. சுப்ரமணியம், கல்கியின் கதையை 1939-இல் 'தியாகபூமி' என்று எடுத்தார். கணவன் கைவிட்ட சாவித்திரிக்கு (எஸ்.டி. சுப்புலட்சுமி) பிறகு பெரும் சொத்து வருகிறது. உடனே அவளைச் சேர்ந்து வாழச் சொல்லிக் கணவன் கோர்ட்டுக்குப் போகிறான். அவளோ வர மறுத்து, ஜீவனாம்சம் வேண்டுமானால் தானே தருவதாகச் சொல்கிறாள்!

அப்போது சென்னை மாகாணத்தில், சில சாதி வழக்கங்களைத் தவிர, இந்துக்களுக்கு விவாகரத்தே கிடையாது. 1949-இல்தான் சட்டம் வந்தது. 1955-இன் இந்துத் திருமணச் சட்டப்படி கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம். சாவித்திரி சொன்னது சட்டமாகவே ஆகிவிட்டது!

ஆனால் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவில், தக்க காரணமின்றிப் பிரிந்தவரைச் சேர்ந்து வாழும்படி கோர்ட் உத்தரவிடலாம். 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

உத்தரவு போட்டால் அன்பு வருமா? குடும்பம் உடைஞ்சிடுமேன்னு கேட்பீங்க. அடி விழுந்த அன்னைக்கே உடைஞ்சு போச்சே!

சாவித்திரிக்கு மறுக்கும் தைரியம் தந்தது சொத்து. நம் வகுப்புத் தோழிகளுக்கு அது டிப்ளமோ. கல்யாணம் என்று யாராவது படிப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னால், நாமாவது வாய் திறப்போமா?