லாலுவைப் பார்த்துச் சிரித்தோம்

ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் நண்பர் ஒருவர் லாலு பிரசாத்தைப் போலப் பேசிக்காட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் முற்போக்காளர்கள்தான். விழுந்து விழுந்து சிரித்தோம், நானும்தான். பிறகுதான் உறைத்தது: அதில் லாலு சொன்ன நகைச்சுவை ஒன்றுகூட இல்லை. போஜ்புரி வாடை வீசும் இந்தியும் தடுமாறும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளை முதலமைச்சர் ஆனதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறோம்.

லாலுவின் நகைச்சுவை வேறு. 1990இல் முதலமைச்சரான பிறகும் சில மாதங்கள், பாட்னா கால்நடை மருத்துவக் கல்லூரியில் பியூனாக இருந்த அண்ணனின் குடியிருப்பிலேயே தங்கினார். பூமிகார், ராஜபுத்திர நிலக்கிழார்கள் எதிரே வந்தால் கட்டிலில் உட்காரவும் அஞ்சிய மக்களிடம் போய், அவர்கள் மொழியிலேயே அந்த எசமான்களைக் கிண்டலடித்தார். நேற்றுவரை யாரைப் பார்த்து நடுங்கினோமோ அவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது சின்ன விஷயமா? ஆங்கில ஊடகங்களோ அதைக் கோமாளித்தனம் என்றன. வாஜ்பாய் சொன்னால் நயம். லாலு சொன்னால் கூத்து. ('கூத்து' எப்படி வசைச்சொல் ஆனது என்பது தனிக்கதை.) 2006இல், ரயில்வே அமைச்சராக, அகமதாபாத் ஐ.ஐ.எம். மாணவர்களுக்கு வகுப்பெடுத்த பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது வாழ்த்துமடல். 1997 டிசம்பர் 1 இரவு, லட்சுமண்பூர் பாத்தேயில் பெண்களும் குழந்தைகளுமாக 58 பேரை ரண்வீர் சேனை கொன்றது. பெரும்பாலோர் தலித்துகள். முதலமைச்சர் நாற்காலியில் ராப்ரி தேவி; கடிவாளம் லாலுவிடம். வந்தது யாருடைய படை? லாலு மேடை மேடையாகக் கிண்டலடித்த அதே பூமிகார் நிலக்கிழார்களின் படை. ஏழாண்டுச் சிரிப்புக்குப் பிறகும் நிலமும் துப்பாக்கியும் அவர்கள் கையில்தான் இருந்தன. அதைப் பிடுங்காத ஆட்சியை எந்த நகைச்சுவையைச் சொல்லி நாம் மன்னிப்பது?

2013 செப்டம்பர் 30, மாட்டுத்தீவன வழக்கில் லாலு குற்றவாளி என்று ராஞ்சி சிபிஐ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பதே நாளில், அக்டோபர் 9 அன்று, பாத்தே வழக்கில் தண்டனை பெற்றிருந்த 26 பேரையும் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீவன ஜோக்குகள் இன்றும் ஓடுகின்றன.

அன்று கையில் தேநீரோடு நின்றவர்களிடம் பாத்தே என்று சொன்னேன். "அது எங்கே இருக்கு தோழர்?" என்றார் பேசிக்காட்டியவர்.