தராசு இருக்கு, காகிதம் எங்கே?

கத்தரிக்காயைத் தரம் பிரிப்பது எப்படி, கூடையில் அடுக்குவது எப்படி, மண்டிக்காரனிடம் பேசுவது எப்படி என்று சொல்லித்தர நகரத்துத் தோழர்கள் சேரிக்கு வருகிறார்கள். வரட்டும். நானும் இரண்டு வருஷமாய்ச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் அதைத்தான் செய்கிறேன். நம்ம சனங்களுக்கு விளைவிக்கவும் தெரியும், விற்கவும் தெரியும். இல்லாதது காகிதம்.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை எடுத்துக்கொள்வோம். தரகன் கிடையாது, கமிஷன் கிடையாது, தராசு இலவசம். நல்ல திட்டம்தான். ஆனால் உள்ளே கடை போட அடையாள அட்டை வேணும். அட்டைக்குச் சிட்டா, அடங்கல் வேணும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் வைக்கிறவர் பெயர் எந்த அடங்கலில் ஏறும்? "நெலம் அவுங்களுது, வேர்வ நம்மளுது. அட்ட மட்டும் நம்ம பேர்ல வந்துருமா தம்பி?" என்று கேட்டார் ஒரு அக்கா.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் போட்டாச்சு. மனு கொடுத்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் அதைச் செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறது. 1892-இல் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமோ யார் யார் கையிலோ. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுத் திரண்டபோது, 1994-இல், ஜான் தாமஸையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது இதே செங்கல்பட்டில்தான்.

லீவுக்குக் கிராமம் கிளம்பும் மாணவத் தோழர்களே, கூடைக்கு லேபிள் ஒட்டுவதை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு நோட்டு எடுத்து வாருங்கள். யார், எந்த சர்வே நம்பரில், எத்தனை வருஷமாய்ப் பயிர் வைக்கிறார்கள் என்று வீடுவீடாய் எழுதுங்கள். எல்லாரும் சேர்ந்து தாசில்தாரிடம் மனு கொடுக்கும்போது கூட நில்லுங்கள். ஆடிப் பட்டத்துக்கு முன்னாலேயே வந்தால் நல்லது.